வந்துட்டேன்

ஜனவரி 12

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீயும் உன் மகள், நம் வாயாடியும் சுகமாக இருக்கிறீர்களா? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கமாட்டாய். ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாவது ஏறு.

நீ போன் நம்பரை மாற்றிவிட்டாய். புது நம்பரை யாரிடம் கேட்டாலும் தரமாட்டேன் என்கிறார்கள். யார் சொல்லித் தரவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். போனை வைத்துவிடலாம், கடிதத்தை என்ன செய்வாய்? கிழித்தாலும் ஒரு வரியாவது கண்ணில் படும்.

டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. நாள் முழுக்க ரப்பர் வாசனை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். நான் ஒரு துணி கம்பெனியில் இஸ்திரி போடுகிறேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல் காக்கிறார். மெக்கானிக் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மெஷின் ஓடுகிற பக்கமே அவர் போவதில்லை. மற்றபடி சுகமாகத்தான் இருக்கிறார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அத்தான் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அந்த ரொட்டித் தொழிற்சாலையில், மாவு பிசையும் தொட்டிக்குள் அத்தான் இருக்கும்போது வெளியே சுவிட்சைப் போட்டவர் என் புருஷன். நான் இதை எழுதாமல் விட்டால், "பார், பூசி மெழுகுகிறாள்" என்பாய். அதனால் எழுதிவிட்டேன். எழுதிய பிறகு கேட்கிறேன். அக்கா, அவரை மன்னிக்க முடியுமா? இன்றைக்கே வேண்டாம். என்றைக்காவது முடியுமா என்று மட்டும் சொல்.

உனக்காக முழங்காலில் நிற்கும்,
தங்கை

மார்ச் 3

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நாங்கள் சுகம். மூட்டுவலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. வாயாடிக்குப் பரீட்சை நடக்கிறது. என் தையல் மெஷின் ஓடுகிறது, ஜன்னல் திரைகளாகத் தைத்துத் தள்ளுகிறேன். விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்தாயிற்று, சொல்ல வேண்டியதையும் சொல்லியாயிற்று.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு உன் புருஷன் வெளியே நின்றுகொண்டு, "வந்துட்டியா?" என்று கேட்டான். உள்ளே இருந்து இவர், "வந்துட்டேன்" என்றார். அவன் சுவிட்சைப் போட்டான். விசாரணையில் அவன் இதையும், உள்ளே இருக்கிறான் என்று தெரியாது என்பதையும்தான் சொன்னான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பாவம், அவனும் என்ன செய்வான், கேட்டுவிட்டுத்தானே போட்டான் என்றார்கள்.

என் புருஷன் "வந்துட்டேன்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? தொழிற்சாலையில் இருந்து போன் செய்து, "இதோ வந்துட்டேன்" என்பார். நான் தட்டு வைப்பேன். ஒரு மணி நேரம் கழித்து ஆறிப்போனதைச் சாப்பிடுவார். கல்யாண மேடைக்கே அப்படித்தான் வந்தார். அதை வைத்து ஜோக் அடித்தவன் யார்? என் வீட்டில், என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணி, இவன் வந்துட்டேன்னு சொன்னா இன்னும் சட்டையே மாத்தலன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சிரித்தவன் யார்?

அவனுக்குத் தெரியும், சின்னவளே. உலகத்தில் என்னைத் தவிர ஒருவனுக்குத் தெரியும் என்றால் அது அவனுக்குத்தான். தெரியாதவன் போட்டிருந்தால் மன்னித்திருப்பேன்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்தவுடன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ திட்டினாலும் பரவாயில்லை, எழுது. வாயாடி பரீட்சையை நன்றாக எழுதட்டும். அவள் பேசுகிற அளவுக்கு எழுதினாலே முதல் மார்க் வாங்குவாள்.

நீ சொன்னது சரி. அவருக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவர் சொல்லவேண்டாம் என்றார், நான்தான் சொல்கிறேன்.

அந்தத் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்குவது எப்போதும் இவர்தான். குட்டையான ஆள், உள்ளே இருக்கிற சுழல்கைகளுக்கு நடுவே நுழைய வசதி. நெட்டையான அத்தான் வெளியே நிற்பார். உள்ளே போகிறவன்தான் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. சாவி வெளியே நிற்கிறவரிடம்தான் இருக்கும். "உன் பையில இருந்தா என் பையில இருந்த மாதிரிதானே" என்பார்களாம். வருடக்கணக்காக அத்தான் "வந்துட்டியா?" என்று கேட்பார், இவர் இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் "வந்துட்டேன்" என்பார். அந்த இடத்தில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். இத்தனை வருடத்தில் அதற்கு வேறு அர்த்தமே இருந்ததில்லை.

அன்றைக்கு இவருக்குத் தோள் வலி. அத்தான்தான், "நீ நில்லு, நான் போறேன்" என்று இறங்கினார். முதல் தடவையாக அத்தான் வாயில் இருந்து அந்த வார்த்தை வந்தது. இவர் காதில் தொட்டியின் வார்த்தை விழுந்தது. அத்தான் சொன்னதோ வீட்டு வார்த்தை.

இது சமாதானம் இல்லை, அக்கா. இதைச் சொல்லி அவரே தன்னை மன்னிக்கவில்லை. அத்தான் படத்தை அவரே ஆணி அடித்து மாட்டினார். ஜெபத்துக்கு முழங்கால் போடுகிறார், வாய் திறப்பதில்லை. கொஞ்ச நாளாக இருமல் வேறு.

உன் தங்கை

ஏப்ரல் 30

தங்கைக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. உன் கடிதத்தை மூன்று வாரம் தையல் மெஷின் பெட்டிக்குள் வைத்திருந்தேன். நீ எழுதியதை அவன் விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் எல்லாரும் இவரைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். அதற்காகச் சொல்லாமல் விட்டானா? அப்படி இருந்தால் அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வருகிறது. செய்வதையும் செய்துவிட்டு நல்லவனாக வேறு இருந்தால் நான் யாரைப் போய்த் திட்டுவது?

போதகர் வந்தார். எழுபது தரம் ஏழு தடவை மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். "ஒரு தரமே முடியாதவகிட்ட பெருக்கல் கணக்கு எதுக்குங்க ஐயா?" என்று கேட்டேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன், ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். சபையில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது என்னால் இரண்டு வரி சொல்ல முடியவில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கிற வரி வந்தால் அந்தத் தொட்டி கண்ணில் நிற்கிறது. அதற்கு அடுத்த வரி எது என்று உனக்குத் தெரியும். பிறரை நாம் மன்னிக்கிறது எப்படியோ, நம்மையும் அப்படியே மன்னியும் என்று கேட்கிற வரி. அங்கே வாய் தானாக மூடிக்கொள்கிறது. சொன்னால் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற மாதிரி. சொல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்டுவிடும். அதனால் அந்த இடத்தில் இருமுகிறேன். திருவிருந்துக்கும் போவதில்லை. அந்த அப்பத்துண்டைக் கையில் வாங்க என்னால் ஆகாது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். என்னிடம் இல்லை, சின்னவளே. ஒளித்துவைக்கவில்லை, உண்மையாகவே இல்லை.

அக்கா

ஜூன் 2

என் அக்காவுக்கு,

நீயும் பிள்ளையும் நலமாயிருக்கத் தேவன் காப்பாராக. ஒரு வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ இருமுகிற கதையைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். நான் இதைப் பற்றி நிறைய யோசிக்கிறேன். இப்போதெல்லாம் காத்துக்கொண்டு உட்காரத்தான் நேரம் இருக்கிறது. முன்பு நான், மன்னிப்பது என்றால் நடந்ததை நடக்கவே இல்லை என்று சொல்வது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று இப்போது படுகிறது. சிலுவையில் தொங்கியவர், "எனக்கு வலிக்கவில்லை, பரவாயில்லை" என்று சொல்லவில்லை. ஆணி கையில் இருக்கும்போதே, வலி நிற்கும்வரை காத்திருக்காமல், செய்தவர்களுக்காக வேண்டினார். அவர்கள் அறியாமல் செய்கிறார்கள் என்று அவர்களுக்காக அவரே வாதாடினார். அப்படியானால் மன்னிப்பதற்கு வலி குறைய வேண்டும் என்று இல்லை. வலியோடும் செய்யலாம்.

இதை உனக்குப் பாடம் எடுப்பதற்காக எழுதவில்லை. எனக்கும் சில பேர் மேல் கோபம் இருக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் மேல், சீக்கிரம் சொல்லாதவர்கள் மேல். அது கிடக்கட்டும்.

அவர் சுகம். உன்னைப் பற்றித் தினமும் கேட்கிறார். உன் கடிதம் வந்ததா என்று கேட்பார், என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கமாட்டார்.

தங்கை

ஜூலை 5

சின்னவளுக்கு,

சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இல்லை. உன் கடிதத்தைப் பிரித்தால் மருந்து வாசனை அடிக்கிறது. வராண்டா பெஞ்சு என்கிறாய், வெள்ளைக் கோட்டு என்கிறாய், அப்புறம் கிடக்கட்டும் என்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை உனக்குச் சின்ன வயதில் இருந்தே வராது. உனக்கு என்ன? வாயும் வயிறுமாக இருக்கிறாயா? இத்தனை வருடம் கழித்து அப்படி ஏதாவது என்றால் எனக்கு எழுதாமல் யாருக்கு எழுதப்போகிறாய்? இல்லை, கர்ப்பப்பையில் ஏதாவது கட்டியா? அம்மாவுக்கு இருந்ததே. மறைக்காமல் எழுது.

வாயாடி நேற்றுத் திடீரென்று, "சித்தப்பா செத்துட்டாராம்மா?" என்று கேட்டாள். இல்லையே, ஏன் கேட்கிறாய் என்றேன். "அப்பா செத்ததுக்கு அப்புறம் அப்பாவைப் பத்திப் பேசுறோம். சித்தப்பாவைப் பத்திதான் யாருமே பேசறதில்ல" என்றாள். அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவன் அவன். நெட்டையின் தோளில் ஏறினால் நிலைப்படியில் தலை இடிக்கும், குட்டைச் சித்தப்பாதான் வசதி என்பாள்.

நான் ஒன்றும் மறக்கவில்லை. பெண் பார்க்க வந்தபோதே இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். யார் மாப்பிள்ளை என்று தெரியாமல் அப்பா குட்டைக்கு முதலில் காபி கொடுத்தார். பிறகு இவரே நின்று உன்னை அவனுக்குக் கட்டிவைத்தார். சகலை ஆனால் சண்டை வருமே என்று யாரோ சொன்னதற்கு, "அதெல்லாம் நாங்க முன்னாடியே போட்டு முடிச்சிட்டோம்" என்றார். இதெல்லாம் நினைவுக்கு வரும்போது சிரிப்பு வருகிறது. சிரிப்பு முடிகிற இடத்தில் சுவிட்சுச் சத்தம் கேட்கிறது. அறியாமல் செய்தான் என்கிறாய். இருக்கலாம். ஆனால் அறிந்திருக்க வேண்டியவன்.

உன் உடம்புக்கு என்ன என்று உடனே எழுது.

அக்கா

ஜூலை 19

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

நீ வர முடியுமா? ஒரு நாள் போதும். வந்து திட்டிவிட்டுப் போனாலும் சரி. காரணம் கேட்காதே, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மழை பிடிப்பதற்குள் வந்தால் நல்லது.

வாயாடிக்கு முத்தம்.

தங்கை

ஆகஸ்ட் 8

சின்னவளுக்கு,

நாங்கள் சுகம். நீ "வா" என்று எழுதிய கடிதம் இத்தனை சின்னதாக இருந்ததுதான் என்னை அசைத்தது. நீ நாலு வரியில் நிறுத்துகிற ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டாவது வரியில் இருமாமல் நின்றேன். சொல்லவில்லை, ஆனால் இருமவும் இல்லை. அதற்கு என்ன பெயரோ எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அறைவேனா, அழுவேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. இத்தனை நாள் அதுகூடத் தோன்றவில்லை.

வாயாடியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு சனிக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன். அவனிடம் சொல், அண்ணி வந்துட்டேன்னு சொன்னாங்கன்னு. இந்த வார்த்தையை எழுதும்போது பேனா நின்றது. ஆனாலும் அடிக்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

அவர் போய்விட்டார். அடக்கமும் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

அவருக்கு நுரையீரலில் கட்டி. பிப்ரவரியிலேயே சந்தேகப்பட்டார்கள், மே மாதம் உறுதியாகச் சொன்னார்கள். அதற்குள் எல்லாம் முற்றிவிட்டது. அந்த பெஞ்சு அவருடைய வார்டுக்கு வெளியே இருந்தது. உனக்குச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "சாகப்போறவனுக்குக் குடுக்கறது மன்னிப்பு இல்ல, வழிச்செலவு. அண்ணி குடுத்தா உயிரோட இருக்கிறவனுக்குக் குடுக்கட்டும். இல்லன்னா வேண்டாம்" என்றார். அதனால்தான் முழுங்கி முழுங்கி எழுதினேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாசித்துக் காட்டினேன். நீ சொன்ன வார்த்தை வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். அவர், "மறுபடி படி" என்றார். படித்தேன். சிரித்தார், அக்கா. அத்தான் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அண்ணியும் கத்துக்கிட்டாங்களா? அப்ப இன்னும் சட்டையே மாத்தல" என்றார்.

வலிக்கு ஊசி போட்டால் நாள் முழுக்கத் தூங்கிவிடுவார். சனிக்கிழமை காலை ஊசி வேண்டாம் என்றுவிட்டார். "அண்ணி வர்றப்ப நான் தூங்கிட்டு இருக்கக் கூடாது." கட்டிலைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். எனக்குச் சட்டை மாற்றிவிடு என்றார். மாற்றினேன். மதியம் ஆனது, சாயங்காலம் ஆனது. பஸ் கெட்டுப்போயிருக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் ஊசியோடு வந்தபோது தலையணை உறையைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. நான் கெஞ்சினேன். "வந்துட்டேன்னு சொல்லியிருக்காங்கல்ல" என்றார். வராண்டாவில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் கண் கதவுக்குப் போகும். திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டார். கண் கதவுப் பக்கம்தான் இருந்தது. நான்தான் மூடினேன்.

நீ எங்கே இருந்தாய்?

செப்டம்பர் 10

என் சின்னவளுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. சாப்பிடுகிறாயா? உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் பஸ் நிலையத்தில் இருந்தேன். பெட்டியோடு போனேன், டிக்கெட்டும் வாங்கினேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. அப்போதுதான் ரொட்டி வந்து இறங்கியது. சூடாக, தட்டுத் தட்டாக. அந்த வாசனை முகத்தில் அடித்தது. இவர் தினமும் அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார், தலைமுடியில்கூட அது இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தேன். பஸ் புறப்பட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறலையாம்மா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைக் காலி செய்தேன். அடுத்த வாரம் போகலாம், அவன் எங்கே ஓடிப்போகப் போகிறான் என்று நினைத்தேன். உனக்கு ஒரு வரி எழுதி இருக்கலாம். எழுதவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியாது, சின்னவளே. அவன் அப்படிக் கிடக்கிறான் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இதை எழுதிய பிறகுதான் பார்த்தேன். விசாரணையில் அவன் சொன்னதும் இதையேதான். உள்ளே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று.

அவனிடம் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன். என்னை மன்னிப்பாயா? நீ ஜனவரியில் என்னிடம் கேட்ட மாதிரியே கேட்கிறேன். இன்றைக்கே வேண்டாம். என்றைக்காவது முடியுமா?

உன் அக்கா

அக்டோபர் 21

சின்னவளுக்கு,

உன்னிடம் இருந்து கடிதம் இல்லை. நாங்கள் இருக்கிறோம். வாயாடியிடம் சொல்லிவிட்டேன். அவள் மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. அவளுக்கு வைத்த பெயருக்கே இப்போது அர்த்தம் இல்லை.

புது போன் நம்பரை எழுதியிருக்கிறேன். முன்பே கொடுத்திருந்தால் அந்த சனிக்கிழமை நீ கூப்பிட்டிருப்பாய், நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன். இதுவும் என் தலையில்தான்.

திட்டியாவது எழுது. நீ சும்மா இருப்பதுதான் தாங்கவில்லை. ஒரு வருடம் உன்னை இப்படித்தானே வைத்திருந்தேன்.

அக்கா

நவம்பர் 30

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் இருக்கின்றன. கடைசியாக வந்ததை நேற்றுத்தான் பிரித்தேன். நான் இருக்கிறேன். இஸ்திரி வேலைக்குப் போகிறேன், வருகிறேன். பஞ்சர் கடைக்காரர் வீட்டில் இருந்து சாப்பாடு கொடுத்தனுப்புகிறார்கள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. கட்டிலை மட்டும் இன்னும் திருப்பிப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் எங்கள் அறையிலும் அதைக் கதவைப் பார்த்துத்தான் போட்டேன். ஏன் என்று கேட்காதே.

போன ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி சபைக்குப் போனேன். எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொன்னார்கள். நானும் கூடவே சொன்னேன். அந்த வரி வந்தது. வாய் மூடிக்கொண்டது, அக்கா. நீ சொன்ன மாதிரியே, தானாகவே மூடிக்கொண்டது. நான் இருமினேன். பக்கத்தில் நின்ற அம்மா மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்கள்.

சிலுவையைப் பற்றி உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனே, அதெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. வலியோடும் மன்னிக்கலாம் என்று எழுதினேன். அன்றைக்கு அது உன் வலி, அதனால் சுலபமாக எழுதிவிட்டேன். தலைவலியும் காய்ச்சலும் என்று நீ போதகரைச் சொன்னாய். என்னையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். நீ அறியாமல் செய்தாய். உன்னை அறியாமல் வைத்தது நான். அவர் வாங்கிய சத்தியத்தை நான் மீறி ஒரு வரி எழுதியிருந்தால், அந்த ரொட்டிக் கடையை மிதித்துக்கொண்டு வந்திருப்பாய். அத்தான் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். அவரோ தன் ரகசியத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். நம் வீட்டில் எல்லாரும் எல்லாரையும் நம்பித்தான் இப்படி ஆனோம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. எழுதினால் பொய். இந்தக் குடும்பத்தில் வார்த்தை முன்னால் வந்து ஆள் பின்னால் வந்தது போதும்.

வாயாடியைக் கூட்டிக்கொண்டு வா. எப்போது கிளம்புகிறாய் என்று எழுதாதே. போனும் செய்யாதே. வந்துட்டேன் என்று யாரிடமும் சொல்லி அனுப்பாதே. இரண்டு காலும் என் வாசலில் பட்ட பிறகு, கதவைத் தட்டு.

அதற்குப் பிறகு சொல்.

தங்கை